பங்குக் கிணறுகள் விடுபட்ட பட்டியல்

நாற்பத்தொரு நிமிடம்.
கஸ்தூரியார் வீதி மாடியறையில்
விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்ற
கணினி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.
கேள்வி சின்னது:
வழுக்கியாறு பெருகி நின்ற வெள்ளத்துக்குள்
எந்தெந்தக் காணி, அதில் எந்தெந்தக் கிணறு?
இறைத்துக் குளோரின் போட
ஆட்கள் பம்போடு காத்து நிற்கிறார்கள்.

எமில்டா இரண்டு தேத்தண்ணி போட்டாள்.
இரண்டும் ஆறின.

உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்தேன்.
பருத்தித்துறைக் காணி ஒவ்வொன்றையும் தூக்கி வந்து
அராலி வெள்ளத்தின்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் முனைகளோடும்
பொருத்திப் பார்க்கிறது, விசர்ப் பிறவி.

பருத்தித்துறைக்காரனுக்கும் அராலிக்காரனுக்கும்
வேலிச் சண்டை வருமா?
வராது.
அதைத்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு காணியைச் சுற்றியும் ஒரு பெட்டி.
கோணல்மாணல் எல்லாம் பிறகு,
முதலில் பெட்டியும் பெட்டியும் முட்டுதா பார்.
முட்டாட்டி விடு, அங்காலை போ.
பெட்டிகளைப் பெரிய பெட்டிக்குள்,
அவற்றை அதைவிடப் பெரியதுக்குள் அடுக்க
குடாநாடே ஒரு மரமாயிற்று;
ஆனைக்கோட்டை ஒரு கொப்பில், கீரிமலை இன்னொன்றில்.

வெள்ளத்தின் கரையை
ட்ரோன் புல்நுனி புல்நுனியாய்க் கீறியிருந்தது.
ஒரே நேர்கோட்டில் சும்மா கிடந்த முனைகளைக் கழற்றினேன்.
முக்கால்வாசி போயும்
வெள்ளம் ஒரு சொட்டும் வற்றவில்லை.

கடைசியாய் இன்னுமொன்று.
காணியில் கிணறு இருக்கிறதா என்று கேட்க
மென்பொருளில் இரண்டு சொல் உண்டு:
‘உள்ளே’, ‘தொடுகிறது’.
‘உள்ளே’ கெதியாய் முடியும்.
அதைப் போட்டேன்.

ஆறு வினாடி!
எமில்டா மேசையில் தட்டினாள்.
பட்டியலைக் குகதாசனுக்கு அனுப்பிவிட்டு
ரோல்ஸ் வாங்கப் போனோம்.

மூன்றாம் நாள் நவாலியிலிருந்து ஓர் அழைப்பு,
பவளராணி என்று பெயர்.
“எங்கடை கிணத்துக்கு ஒருத்தரும் வரேல்லைத் தம்பி.
பக்கத்து வீட்டுக்கும் வரேல்லை.
அவையோடை கதையில்லை, ஆனாத் தெரியும்.
ஒரே கிணறுதானே.”

படத்தைப் பெருப்பித்தேன்.
இரண்டு காணி, நடுவில் கோடு,
கோட்டின் மேலேயே புள்ளி.
உறுதியில் எழுதியிருக்கும்,
கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று.
நேரில் போனால்
கிணற்றின் வாயைக் குறுக்கே வெட்டித் தகர வேலி நிற்கும்.
இங்கால் ஒரு வாளி, அங்கால் ஒரு வாளி.
இந்தக் காணிக்கு உள்ளேயா? இல்லை.
அந்தக் காணிக்கு உள்ளேயா? இல்லை.
கணினி பொய் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பதின்மூன்று.
பங்குக் கிணறென்று ஒன்று இருப்பது
எனக்குத் தெரியாததா?
எங்கள் வீட்டுக் கிணறே மூன்றில் ஒரு பங்கு.
அன்று காலமை அதில்தான் குளித்துவிட்டு வந்திருந்தேன்.

‘தொடுகிறது’ என்று மாற்றினேன்.
ஆறு, பத்தாயிற்று.
ஒரே கிணறு
இரண்டு காணியின் பேரிலும் இரண்டு தரம் வந்து விழுந்தது.
ஒன்றை வெட்டப் போன எமில்டா நின்றாள்:
“ஆற்றை பேரை எடுக்கிறது?”
இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அப்படியே அனுப்பினோம்.
ஒரு கிணத்துக்கு ரெண்டு குளோரினோ என்று
குகதாசன் ஏசுவார்.

ஏசினார்.

பவளராணி திரும்ப எடுத்தா.
வந்து இறைத்தார்களாம்.
இரண்டு தகரத்தைக் கழற்றினால்தான்
குழாயை இறக்கலாம் என்றார்களாம்.
“கழட்டினது நானில்லை, அவைதான்” என்றா
இரண்டு தரம்.
திருப்பிப் பூட்டியாயிற்றா என்று
நான் கேட்கவில்லை.

இப்போது ஒன்பது தசம் எட்டு.
அடுத்த மாரிக்குள்
இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.